கையை உயர்த்தச் சொன்ன வேட்பாளர்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சுத் திரும்பி வந்தது ஒரு வாய்க்காரரால். அதுவும் வந்தான் வரத்தான் என்று ஊர் சொல்லுகிற ஒரு வெளியூர்க்காரரால்.

ஆமியின் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த நாள் முதல் இவர் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. கடலுக்குப் போவார், வருவார், வலையில் சிக்கெடுப்பார், சாப்பிடுவார். கறியில் உப்புக் குறைவு என்றால் அதைக்கூட வாய் திறந்து சொல்லமாட்டார். எழும்பிக் குசினிக்குள் போய் உப்புப் போத்தலை எடுத்துத் தானே போட்டுக்கொள்வார். முதலில் எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. எத்தனையோ தரம் சண்டை பிடித்தும் பார்த்தேன், சுவரோடு சண்டை பிடித்த மாதிரித்தான். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, மறைக்காமல் சொன்னால், அந்த மௌனம் எனக்கு ஒரு நிம்மதியாகவே ஆகிவிட்டது. வாய் திறக்காதவனை யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது என் நினைப்பு.

அப்படியிருக்க, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் பிட்டைப் பிசைந்துகொண்டு, "அந்தாள் கேட்டது சரிதானே?" என்றார். என்னிடம்தான் கேட்கிறாரா என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்தாள் யாரென்று சொல்லவேண்டும். புத்தளம் பக்கத்து ஆள். சண்டை முடிந்து நாங்கள் கரைக்குத் திரும்பி வந்த காலத்தில், பருவத் தொழிலுக்கென்று எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் வந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டார். ஒரு படகு, ஒரு எஞ்சின், உரத்த குரல், இவ்வளவும்தான் அவருடைய சொத்து. அவருடைய தமிழின் இராகமே வேறு. எங்கள் ஊரில் ஒரு விசயத்தைச் சொல்வதென்றால் முதலில் மழையைப் பற்றிப் பேசி, பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசி, வேலிக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் விசயத்துக்கு வருவோம். அவர் விசயத்தில்தான் தொடங்குவார். மழையைப் பற்றிக் கடைசிவரை பேசவே மாட்டார்.

வெளியிலிருந்து வரும் பெரிய படகுகள் வெளிச்சம் பாய்ச்சி மீனை வாரிக்கொண்டு போவதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கடற்றொழில் பரிசோதகர் வழக்கம்போல ஆவன செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தளத்தார் எழும்பி, "சேர், நீங்க கடலைப் பார்த்தது கலண்டர்லதானே?" என்று கேட்டுவிட்டார். பரிசோதகரின் முகம் போன போக்கை யாரோ கைத்தொலைபேசியில் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் தண்ணீரூற்றுச் சந்தை வரைக்கும் அந்த வீடியோ போய்விட்டது. நான் வேலை செய்யும் நண்டுக் கொம்பனியில் பெண்கள் நண்டைத் தரம் பிரிப்பதை விட்டுவிட்டு ஒரே தொலைபேசியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டாம் தரமும் போடச் சொன்னது நான்தான்.

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தடைசெய்த வலையை வாங்கி வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் நீங்களும் கள்ளர்தான் என்று மாதா கோயில் வாசலில் வைத்தே சொன்னார். சனம் கோபிக்கும் என்று நினைத்தேன். சனம் சிரித்தது. இவ்வளவு காலமும் தங்களைப் பார்த்துப் பாவம், பாதிக்கப்பட்டவர்கள் என்றே எல்லாரும் சொல்லக் கேட்டு அலுத்துப்போன சனத்துக்கு, ஒருவர் வந்து கள்ளர் என்று சொன்னதும் மரியாதையாகத்தான் இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான், எல்லாச் சங்கங்களும் சேர்ந்த மாவட்ட சமாசத்தின் தலைவர் தேர்தல் வந்தது. கரையிலுள்ள ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் தன் பக்கத்திலிருந்து ஒரு வேட்பாளரை முதலில் தெரிவு செய்து அனுப்பவேண்டும். பிறகு அந்த வேட்பாளர்களுக்குள் மாவட்டத் தலைவரைத் தெரிவு செய்வார்கள். எங்கள் சங்கம் எப்போதும் எங்கள் சங்கத் தலைவரைத்தான் அனுப்பும். ஊரின் பழைய ஆள், சிரித்த முகம், யாரையும் நோகப் பேசாதவர். பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் கூடுவோம், ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் வழிமொழிவார், "ஏகமனதாக" என்று எழுதுவார்கள், தேத்தண்ணியும் ரோல்ஸும் வரும். அந்த ஏகமனதில் என் மனது இருந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த முறை புத்தளத்தார் தானும் தேர்தல் கேட்கப்போவதாகச் சொன்னார்.

ஊர் துள்ளியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பின்னேரங்களில் அவருடைய வீட்டு வளவுக்குள் சனம் கூடத் தொடங்கியது. அவர் ஒரு கவிழ்த்த படகின் மேல் ஏறியிருந்து யார் யாரைக் கழுவி ஊற்றவேண்டுமோ, அவர்களைக் கழுவி ஊற்றுவார். கைதட்டல் எங்கள் வீட்டுக் கிணற்றடிவரை கேட்கும். என் வீட்டுக்காரர் வலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய், முன் வரிசையில் குந்தியிருப்பார். வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொல்வார். அடுப்படியில் நான் நிற்க, கதவு நிலையில் சாய்ந்து நின்று சொல்வார். அந்தக் குரல் எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கட்டின புதிதில் கேட்ட குரல் அது. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று நான் அழுது முடித்துவிட்ட குரல்.

ஆசையாக இருந்ததைப் போலவே பயமாகவும் இருந்தது.

எனக்கும் அந்தப் புத்தளத்தாரைப் பிடிக்கும். ஆனால் அவருக்குப் புத்தளத்தில் ஒரு ஊர் இருக்கிறது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பஸ் ஏறிப் போய்விடலாம். முன் வரிசையில் குந்தியிருந்து கைதட்டினவன் எந்த பஸ்ஸில் ஏறுவான்? எங்கள் மண்ணில் பேசினவர்கள் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்கள்தான் தப்பவில்லை. இதை இவரிடம் சொன்னேன். இப்ப காலம் மாறிவிட்டது என்றார். காலம் மாறிவிட்டது என்பதை அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். புத்தளத்தார்தான் சொன்னாராம்.

ஒரு நாள் நண்டுக் கொம்பனியில் ஒரு கதை வந்தது. சந்திக் கடையில் யாரோ ஒருவர், சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டவர், மோட்டார் சைக்கிளில் வந்து, அந்த வளவுக்குள் யார் யார் கூடுகிறார்கள் என்று விசாரித்தாராம். எஞ்சின் விற்கிற கொம்பனி ஆள் என்று ஒருத்தி சொன்னாள். எஞ்சின் விற்கிறவனுக்குப் பெயர் எதற்கு என்று இன்னொருத்தி கேட்டாள். புலனாய்வுக்காரர் என்ற சொல்லை ஒருத்தியும் வாயில் எடுக்கவில்லை. அதன் பிறகு எனக்கு நண்டின் கால் எது, என் விரல் எது என்று தெரியவில்லை. அன்றைக்கு இரண்டு விரலைக் குத்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் இவரைப் பிடித்து இருத்தினேன்.

"கூட்டத்துக்குப் போங்கோ. வோட்டும் போடுங்கோ. கையை மட்டும் உயர்த்தாதேங்கோ," என்றேன்.

இரண்டு பேர் கேட்கிறபடியால் பெட்டி வைத்துத்தான் வாக்கெடுப்பு, கைக்கு அங்கே வேலை இல்லை என்றார். எனக்குப் பெட்டியிலும் நம்பிக்கை இல்லை, பெட்டி வைக்கிறவர்களிலும் இல்லை. மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணச் சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மாதா அறிய, கையை உயர்த்தமாட்டன்," என்றார்.

ஏன் கை என்று இவர் கேட்கவில்லை. இவருக்குத் தெரியும்.

சண்டையின் கடைசி நாட்களில் நாங்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தபோது, வெட்டை வெளியில் சனத்தையெல்லாம் வெயிலில் இருத்தி வைத்தார்கள். ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள், ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று. பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். இவரை இயக்கக்காரர் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிடித்துக்கொண்டு போய், பங்கருக்கு மரம் தோளில் காவ விட்டிருந்தார்கள். சில கிழமைதான். தப்பி ஓடி வந்துவிட்டார். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள், பேசாமல் இருங்கள் என்று நான் சொன்னேன். "ஒரு நாள் எண்டாலும் எண்டுதானே கேக்கினம்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்குப் பக்கத்தில் இருந்தபடி அந்தக் கை மேலே போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அந்தக் கையை நான் எத்தனை காலம் கழித்துத் தொட்டேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. அந்த வெட்டையில் இருந்த சனம்தான் இன்றைக்கு இந்த ஊர். மீள்குடியேறின புதிதில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. மரத்தடியில் எங்களை இருத்தி, மலசலகூடம் இல்லாத ஆட்கள் கையை உயர்த்துங்கள் என்றது. ஒரு கை எழும்பவில்லை. எல்லாருக்கும் மலசலகூடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு அந்தப் பிள்ளை சந்தோசமாக வெளிக்கிட, வாகனத்துக்குப் பின்னால் ஊர் முழுக்க ஓடிப்போய் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தோம். இன்றைக்கும் பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டத்தில் புது ஆசிரியர்கள் வந்தால் கையை உயர்த்தச் சொல்லிவிட்டு, ஏன் எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறார்கள் என்று முழிப்பார்கள்.

கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கொள்ளவில்லை. பூசைக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்திருந்தார்கள். மேசையில் ரெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. நண்டுக்கு ஐஸ் போட்டு அடைக்கிற பெட்டிதான், மூடியில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் வாக்குச்சீட்டுக்கென்று வெட்டின கடதாசித் துண்டுகள். மேசைக்குப் பின்னால் பரிசோதகர் இருந்தார், அந்தக் கலண்டர் பரிசோதகரேதான். மண்டபத்தின் பின் கதவோரம் நாங்கள் அறியாத இரண்டு பேர் நின்றார்கள். சமாசத்து ஆட்கள் என்றார்கள். ஒருவர் சேர்ட்டை உள்ளே விட்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் இருந்தேன். இவர் நடுவே, ஆண்கள் பக்கத்து வாங்கு வரிசையில். எனக்கு இவருடைய முதுகும் ஒரு கையும் தெரிந்தன.

தலைவர் வழக்கம்போலச் சிரித்து, எல்லாரையும் சுகம் விசாரித்து, சுருக்கமாகப் பேசினார். மரியாதைக்குக் கைதட்டினோம். பிறகு புத்தளத்தார் எழும்பினார். அவர் வாய் திறக்க முதலே விசில் பறந்தது. வெளிச்சம் பாய்ச்சும் படகு, எண்ணெய் விலை, எடை குறைக்கும் கொம்பனி, கதிரையில் இருந்தே கடலை ஆளும் ஆட்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கிழித்தார். ஓரத்தில் இருந்த கோயில் பாதர்கூட ஒரு இடத்தில் வாயைப் பொத்திச் சிரித்ததைப் பார்த்தேன். அந்த நேரம் யாராவது பெட்டியைத் திறந்து வாக்கைக் கேட்டிருந்தால் மண்டபமே எழும்பிப் போட்டிருக்கும்.

அவர் அதோடு இருந்திருக்கலாம். சனத்தின் சத்தம் அவருடைய தலைக்கு ஏறிவிட்டது. மேசையில் இருந்த பெட்டியைக் கையால் தள்ளினார்.

"எதுக்கு இந்தப் பெட்டி? ஒளிச்சுப் போடுற வோட்டு எனக்கு வேணாம். என்னோட நிக்கிறவங்க எல்லாரும் கையை உயர்த்துங்க. இங்கயே எண்ணிட்டுப் போவோம்."

பரிசோதகர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தனக்கு ஆட்சேபணை எதுவுமில்லை, சபை விரும்பினால் அப்படியே செய்யலாம் என்று சிரித்த முகத்தோடே சொன்னார். அவர் எங்கள் ஊர் ஆள். அவரும் அந்த வெட்டையில் இருந்தவர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஒரு கையும் எழும்பாது என்று அவருக்குத் தெரியும்.

புத்தளத்தாரை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தும்படி பரிசோதகர் கேட்டார்.

ஒரு கை எழும்பவில்லை. இவ்வளவு நேரமும் தட்டின கைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. சிலர் மடிக்குள் வைத்திருந்தார்கள். சிலர் கக்கத்துக்குள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். பின் கதவோரம் நின்ற இரண்டு பேரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பரிசோதகர் இரண்டாம் முறையும் கேட்டார். புத்தளத்தாரின் முகம் கறுத்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இத்தனை வருசம் எங்களோடு வாழ்ந்தும் இதைக் கேட்டு அறியாத மனிதர். நாங்களும் சொல்லவில்லைத்தான்.

"இவ்வளவு நாளா என் வளவுல வந்து கைதட்டினது யாரு? பேயா?" என்று கத்தினார். "பயந்தாங்கொள்ளிக் கூட்டம். உங்களுக்காகவா நான் இவ்வளவு பேரையும் பகைச்சேன்?"

நான் இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடைமேல் இருந்தது. அசையவில்லை. மாதாவே, அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கை அப்படியேதான் இருந்தது. ஆள்தான் எழும்பினார்.

வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். புத்தளத்தாரைப் பார்த்து, கத்தாமல், அடுப்படியில் எனக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அண்ணை, எங்களை ஒருக்கா கையை உயர்த்தச் சொன்னவை. நான் உயர்த்தினனான். இதுக்குள்ள கனபேர் உயர்த்தினவை. சில பேர் இன்னும் வரேல்லை. நீங்கள் அப்ப இங்க இல்லை, அதாலதான் உங்களுக்குத் தெரியாது. நான் உங்களுக்குத்தான் வோட்டுப் போடப்போறன். பெட்டியை வையுங்கோ."

சொல்லிவிட்டு இருக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து, மகனை அந்த வெட்டையில் பறிகொடுத்த ஒரு அம்மாவின் குரல், "ஓம், பெட்டியை வையுங்கோ," என்றது. அடுத்து இன்னொரு குரல். பிறகு ஒவ்வொரு பக்கமாக, நிலத்தைப் பார்த்தபடியே, எல்லாரும் சொன்னார்கள்.

கை என்று முதலே முடிவாகிவிட்டதே என்று தலைவர் இழுத்தார். பாதர் எழும்பி மேசைக்குப் போய், தள்ளிக் கிடந்த பெட்டியைத் தானே நிமிர்த்தி வைத்தார். புத்தளத்தார் கதிரையில் இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "தெரியாமக் கேட்டுட்டேன். பெட்டியிலயே போடுங்க," என்றார். முன்னால் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்டிராது.

பெட்டி நிறைந்தது. எண்ணினார்கள். புத்தளத்தார் வென்றார், சும்மா வெல்லவில்லை, தலைவரின் சொந்தக்காரரே எத்தனை பேர் மாறிப் போட்டார்கள் என்று ஊர் இன்றைக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் அவருக்குத்தான் போட்டேன். போடும்போது துண்டை நாலாக மடித்தேன்.

சனம் புத்தளத்தாரைச் சுற்றிக்கொண்டது. படம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். போகிற போக்கில் ஒரு சிலர் அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நின்று பேசியவர் ஒருவர் மட்டும்தான். தலைவர்.

"தம்பி, நல்லாக் கதைக்கிறீர்," என்றார், அதே சிரிப்போடு. "இவ்வளவு நாளும் உமக்குக் கதை வராதெண்டெல்லோ நினைச்சிருந்தன்."

அவர் போய்விட்டார். அது பாராட்டா வேறு ஏதுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. வீதியில் நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுவதும் போட்ட வாக்குகள் பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கின்றன. யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஒரு குஞ்சுக்கும் தெரியாது. என் மனிசன் யாருக்குப் போட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும், பின் கதவோரம் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். கையை உயர்த்தாமலே இந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறார். நான் வீதி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். சத்தியத்தை மீறவில்லை என்றார். மாதாவுக்கு முன்னால் இன்னும் கவனமாகச் சொல் தேர்ந்து கேட்டிருக்கவேண்டும் என்று என்னையே நொந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். விளமீன் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு இவர் நிமிர்ந்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

நான் உப்புப் போத்தலை எடுத்து வந்து கொடுத்தேன். போட்டுக்கொண்டே பேசத் தொடங்கினார், மாவட்டத்தில் மற்றச் சங்கங்கள் யாரை அனுப்பும், புத்தளத்தார் அங்கே போய் வாயை அடக்குவாரா, அடக்கினால் பிறகு அவர் எதற்கு என்று. அப்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கள் வாசல் படலையடியில் வேகத்தைக் குறைத்த மாதிரி இருந்தது. இவருடைய கை சோற்றுக் கோப்பையில் நின்றது. நான் படலையைப் பார்க்காமல் இவரைப் பார்த்தேன். சத்தம் மெல்ல மெல்ல நகர்ந்து கோயில் பக்கம் போய் இல்லாமல் போனது.

பேச்சை இத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தட்டும் என்று ஒரு மனம் சொன்னது. என் இரண்டு கையையும் சீலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பிறகு?" என்றேன். "சொல்லுங்கோ."